ஒரே பீட், நான்கு ராப்பர்கள்: கூட்டு சிங்கிள் செய்வது எப்படி

ஒரே பீட்டின் (பின்னணி இசையின்) மேல் நான்கைந்து ராப்பர்கள் அடுத்தடுத்து வந்து ஆளுக்கொரு வெர்ஸ் (தங்கள் பங்கு வரிகள்) பாடிவிட்டுப் போகும் பாட்டை ஹிப்-ஹாப்பில் 'போஸி கட்' என்பார்கள். 1988-இல் மார்லி மார்ல் தயாரித்த 'தி சிம்பொனி'யில் மாஸ்டா ஏஸ், கிரெய்க் ஜி, கூல் ஜி ராப், பிக் டாடி கேன் நால்வரும் திரும்பத் திரும்ப ஓடும் ஒரே பியானோ துணுக்கின் (லூப்) மேல் வரிசையாக வந்தார்கள். அந்த வடிவம் இன்னும் பழசாகவில்லை.

கேட்க எளிதாகத் தோன்றும். செய்ய உட்கார்ந்தால் ராப் பண்ணுவதுதான் இதில் சின்ன வேலை என்பது தெரியும். ஒருவர் வெர்ஸ் அனுப்ப இரண்டு மாதம் எடுப்பார், ஒருவர் எம்பி3 அனுப்புவார், ஒருவர் 12 பார் (நான்கு தாள அடி சேர்ந்தது ஒரு பார்) கேட்டால் 22 பார் பாடியிருப்பார், எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் பங்கு கேட்பார். பெயர் பெற்ற ராப்பர்கள் என்றால் இதில் மேலாளரும் லேபிளும் சேர்ந்துகொள்வார்கள். கூட்டுப் பாட்டுகள் பாதியில் நிற்பதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியதை யாரும் சொல்லாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். கீழே வருவது நான்கு ராப்பர்கள், ஒரு பீட் மேக்கர் என்ற கணக்கில் எழுதிய வழிமுறை. ஆள் கூடினால் பார் எண்ணிக்கையைக் குறையுங்கள், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு பொறுப்பாளர்

குழுவாக முடிவெடுப்போம் என்று ஆரம்பித்தால் பாட்டு வெளிவராது. ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் ராப்பராக இருக்கலாம், பீட் மேக்கராக இருக்கலாம், இரண்டுமே இல்லாதவராகவும் இருக்கலாம். அவருக்கு மூன்று உரிமைகள் வேண்டும்: வெர்ஸ்களின் வரிசையைத் தீர்மானிப்பது, நீளும் வெர்ஸை வெட்டுவது, இறுதி மிக்ஸுக்கு ஒப்புதல் தருவது. அழைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். வெர்ஸ் வந்த பிறகு "நாலு பார் வெட்டப் போகிறேன்" என்று சொன்னால் அது சண்டை. முதல் நாளே சொல்லியிருந்தால் அது வெறும் வேலை.

பீட்டைத் தேர்ந்தெடுப்பது

தனி ஆளுக்கு நன்றாக இருக்கும் பீட் நான்கு பேருக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. மெலடி நிறைந்த பீட்டில் குரலுக்கு இடம் இருக்காது. அதே மெலடியை மூன்றரை நிமிடம் நான்கு குரல்களோடு கேட்டால் காது சலித்துவிடும். டிரம்ஸும் பேஸும் அழுத்தமாக, நடுப்பகுதி காலியாக உள்ள பீட்டை எடுங்கள். டெம்போ 85 முதல் 95 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு) வரை இருந்தால் எல்லாவகை ஃப்ளோவும், அதாவது சொற்கள் தாளத்தில் ஓடும் விதமும், உட்காரும். 140-இல் ஓடும் டிராப் (trap) வகை பீட்டும் சரிதான். அதைப் பாதி வேகத்தில், அதாவது 70 போலப் பிடித்துப் பாடுபவர்களும் முழு வேகத்தில் ஓடுபவர்களும் ஒரே பாட்டில் இருந்தால் நல்ல வேறுபாடு கிடைக்கும்.

பீட்டை இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் உரிமத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். லீஸ் என்பது வாடகை. அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்பார்கள், ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கும், யூடியூப் கன்டென்ட் ஐடியில் (உரிமை உள்ள ஒலியைத் தானாக அடையாளம் காணும் அமைப்பில்) பதிவு செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். நான்கு ராப்பர்களின் ரசிகர்கள் ஒன்றாக வந்து கேட்கும் பாட்டு அந்த உச்சவரம்பைச் சீக்கிரமே தொட்டுவிடும். ஆகவே இந்த மாதிரிப் பாட்டுக்கு முழு உரிமை வாங்குங்கள், அல்லது பீட் மேக்கரையே பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழிதான் நல்லது. ஒவ்வொரு வெர்ஸுக்கும் பீட்டைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், பாட்டில் பங்கு உள்ளவர்தான் அந்த வேலைக்கு நேரம் ஒதுக்குவார்.

பீட்டில் பழைய பாட்டின் சாம்பிள் (அதிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) இருந்தால் இரண்டு அனுமதி தேவை: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாடலின் சொல்-இசை உரிமையாளரிடம் ஒன்று. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மறப்பது புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம். அனுமதி கிடைக்கும் நம்பிக்கை இல்லையென்றால் யாரையும் அழைப்பதற்கு முன்பே சாம்பிளை எடுத்துவிடுங்கள்.

ஒற்றை வேவ் ஃபைல் போதாது. கிக், ஸ்னேர், ஹை-ஹேட், பேஸ், மெலடி என்று தனித்தனி ஸ்டெம்களாக வாங்கி வையுங்கள்.

பார் கணக்கு

4/4 தாளத்தில் ஒரு பாருக்கு நான்கு அடி. 240-ஐ பிபிஎம்-ஆல் வகுத்தால் ஒரு பாரின் நீளம் நொடியில் கிடைக்கும். 90 பிபிஎம் என்றால் ஒரு பார் 2.67 நொடி, 12 பார் சரியாக 32 நொடி, 16 பார் கிட்டத்தட்ட 43 நொடி. நான்கு பேருக்கான வரைபடம் இப்படி அமையும்:

பார் 1–4: முன்னிசை, 0:00
பார் 5–12: ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி), 0:11
பார் 13–24: வெர்ஸ் 1, 0:32
பார் 25–36: வெர்ஸ் 2, 1:04
பார் 37–44: ஹூக், 1:36
பார் 45–56: வெர்ஸ் 3, 1:57
பார் 57–68: வெர்ஸ் 4, 2:29
பார் 69–76: ஹூக், 3:01
பார் 77–80: முடிவு, 3:23 முதல் 3:33 வரை

இதே வரைபடத்தில் ஆளுக்கு 16 பார் கொடுத்தால் பாட்டு 4:16-க்கு நீண்டுவிடும். 16 பார்தான் மரபு, அதைக் குறைத்தால் மரியாதைக் குறைவு என்று சிலர் நினைப்பார்கள். தனிப் பாட்டுக்கு 16 சரி, நான்கு பேர் இருக்கும் இடத்தில் 12 போதும். 12 பாரில் சொல்ல முடியாததை 16-இல் சொல்லிவிட்டவர்களை விட, 12-இல் தீர்ந்துபோனதை 16-க்கு இழுத்தவர்கள்தான் அதிகம்.

ஹூக் கட்டாயம் என்றும் இல்லை. 1997-இல் வூ-டாங் கிளான் வெளியிட்ட 'டிரையம்ஃப்' ஹூக்கே இல்லாமல் வெர்ஸ் மேல் வெர்ஸாக ஓடும் சிங்கிள். ஆனால் அது ரசிகர்கள் ஏற்கெனவே குரல் வைத்தே ஆளை அடையாளம் காணக்கூடிய குழு. புதியவர்கள் இருக்கும் பாட்டில் ஹூக் வையுங்கள், கேட்பவருக்கு மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும். முதல் குரல் 15 நொடிக்குள் வந்துவிடட்டும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீமாகக் கணக்கில் வரும். அரை நிமிடம் முன்னிசை மட்டும் ஓடினால் கேட்பவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.

யார் எங்கே வருவது

குரலின் கனத்தை வைத்து வரிசை போடுங்கள், புகழை வைத்துப் போடாதீர்கள். இரண்டு கனத்த குரல்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாமவர் எப்போது ஆரம்பித்தார் என்பதே தெரியாது. கனத்த குரலுக்குப் பின் மெல்லிய குரல், வேகத்துக்குப் பின் நிதானம் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

முதல் வெர்ஸ் உச்சரிப்புத் தெளிவாக உள்ளவருக்கு. பாட்டு எதைப் பற்றியது என்பதைக் கேட்பவருக்கு அவர்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது இடம் ஆபத்தான இடம், வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போய்விடும். ஃப்ளோவில் விளையாடக்கூடியவரை அங்கே போடுங்கள். கடைசி வெர்ஸ், யாருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தால் எடுபடாதோ அவருக்கு. எ டிரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் 'சினாரியோ'வில் பஸ்டா ரைம்ஸ் கடைசியில் வருகிறார். அவருக்குப் பிறகு வேறொரு வெர்ஸை வைத்துக் கற்பனை செய்து பார்த்தால் காரணம் புரியும்.

பாட்டுக்கு அழைப்பவரே ராப்பர் என்றால் அவர் முதலிலோ மூன்றாவதிலோ வரலாம். தன் பாட்டில் தானே கடைசியில் நிற்க ஆசைப்படுவது இயல்புதான், ஆனால் விருந்தாளியை விடத் தன் வெர்ஸ் வலுவானது என்று இரண்டு வெளியாட்கள் கேட்டுச் சொன்னால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

அழைப்பும் எழுத்தும்

முதலில் ஹூக்கையும் ஒரு வெர்ஸையும் பதிவு செய்துவிட்டுத்தான் மற்றவர்களை அழைக்க வேண்டும். வெறும் பீட்டை அனுப்பி "ஒரு ஐடியா இருக்கு ப்ரோ" என்றால் அது அவருடைய போனில் கிடக்கும் நூறு பீட்டுகளில் ஒன்றாகிவிடும். பாதி முடிந்த பாட்டைக் கேட்டவருக்கு எழுத வேண்டும் என்ற உந்துதல் தானாக வரும்.

பெயர் பெற்ற ராப்பர் ஒரு லேபிளோடு பிரத்யேக ஒப்பந்தத்தில் இருக்கலாம். அவர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது, வேறொருவரின் பாட்டில் குரல் கொடுக்க லேபிளின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். லேபிள் பெயரை எந்த வாசகத்தில் குறிப்பிட வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். இந்தக் கடிதம் இல்லாமல் வெளியிட்டால் பாட்டு ஒரே நாளில் எல்லாத் தளங்களிலிருந்தும் இறங்கக்கூடும். ராப்பர் நண்பராக இருந்தாலும் இதுதான் நிலைமை.

பணம் கொடுத்து வெர்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பார், எந்தத் தேதிக்குள், எந்த வடிவ ஃபைல், எத்தனை முறை திருத்தித் தருவார், வீடியோவில் தோன்றுவாரா, தன் பக்கத்தில் பகிர்வாரா, கட்டணத்தோடு சேர்த்து ராயல்டியும் உண்டா. பாதிப் பணம் முன்பணம், மீதி ஃபைல் வந்து சரிபார்த்த பிறகு என்று வைத்துக்கொள்வது நல்லது. பகிர்வதைப் பற்றி எழுதாமல் விட்டால் அவர் பகிரமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குக் கணக்கு இரண்டு தனித்தனிக் கணக்கு என்பது பலருக்குத் தெரியாது. சொல்லும் இசையும் சேர்ந்த படைப்புக்கு ஒரு பங்கீடு, ஒலிப்பதிவுக்கு வேறொரு பங்கீடு. படைப்பில் பீட்டுக்கு 50 சதவீதம், வரிகளுக்கு 50 என்பது பரவலான வழக்கம். நான்கு வெர்ஸ், ஒரு ஹூக் என்று வரிகளை ஐந்து கூறாகப் பிரித்தால் கூறுக்கு 10 சதவீதம். ஹூக்கை எழுதியவரும் நான்கு ராப்பர்களில் ஒருவர் என்றால் அவருக்கு 20, மற்ற மூவருக்குத் தலா 10, பீட் மேக்கருக்கு 50. கூட்டினால் 100 வர வேண்டும், வராத தாளில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. ஒலிப்பதிவில், செலவு செய்தவர் முதலில் தன் செலவை எடுத்துக்கொண்டு, மீதியை ஐந்தாகப் பிரிப்பது சண்டை வராத ஏற்பாடு.

கையெழுத்து வாங்க வேண்டிய நேரம் வெர்ஸ் அனுப்பும் நாள். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு எல்லோருடைய நினைவிலும் தன் பங்கு கொஞ்சம் பெரிதாகிவிடும். சொந்தப் பெயர், மேடைப் பெயர், சதவீதம், உரிமைச் சங்கத்தில் (எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பில்) உறுப்பினர் என்றால் ஐபிஐ எண் (எழுதியவரை அடையாளம் காட்டும் எண்), தேதி. ஒரு பக்கத் தாள் போதும்.

அனுப்பும் ஃபோல்டர்

நால்வரும் ஒரே ஸ்டூடியோவில் சேர்வது நடக்காத காரியம், ஆளாளுக்குத் தங்கள் இடத்தில்தான் பதிவு செய்வார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி ஃபோல்டர் போக வேண்டும். அதில்:

முழு நீள பீட், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ், ஒலியளவை 6 டெசிபெல் குறைத்தது. முழுச் சத்தத்தில் அனுப்பினால் ராப்பர் அதற்கு மேல் கேட்பதற்காக மைக்கை உயர்த்துவார், குரல் கிழியும்.

வழிகாட்டி ஃபைல் ஒன்று: பீட், ஹூக், ஏற்கெனவே பதிவான வெர்ஸ், அதோடு ஒவ்வொரு வெர்ஸும் தொடங்குவதற்கு ஒரு பார் முன்னால் "வெர்ஸ் மூணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணும் குரல்.

பார் வரைபடம், ஹூக்கின் வரிகள், பங்குத் தாள்.

இவற்றோடு ஒரு செய்தி. அது இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும்:

"வணக்கம் ப்ரோ. 90 பிபிஎம், சி மைனர். உங்களுக்கு வெர்ஸ் 3, பார் 45 முதல் 56 வரை, மொத்தம் 12. பார் 57-இன் முதல் அடியில் அடுத்தவர் வந்துவிடுவார், அதனால் உங்கள் கடைசி வார்த்தை 56-க்குள் முடியட்டும். பொருள், இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புவது. வெர்ஸ் 1 தூக்கத்தைப் பற்றி, 2 சம்பளத்தைப் பற்றி. உங்களுடையது வீட்டில் காத்திருப்பவர்களைப் பற்றி. லீட், டபுள்ஸ், ஆட்லிப் மூன்றும் தனித்தனி மோனோ வேவ், எல்லாமே பாட்டின் 0:00-இலிருந்து ஆரம்பிக்கணும். எஃபெக்ட் எதுவும் வேண்டாம். ஆட்டோ-டியூன் உங்கள் ஸ்டைல் என்றால் போட்டது ஒன்று, போடாதது ஒன்று அனுப்புங்கள். 20-ஆம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது."

லீட் என்பது முக்கியக் குரல், ஆட்லிப் என்பது வரிகளுக்கு இடையே வரும் சிறு கூவல்கள், டபுள்ஸ் பற்றிப் பதிவுப் பகுதியில் வரும். பொருளை இப்படிக் கூறு போட்டுக் கொடுக்காவிட்டால் நான்கு வெர்ஸும் "நான் கீழே இருந்து மேலே வந்தேன்" என்றுதான் திரும்பி வரும். 'வாழ்க்கை', 'வெற்றி' போன்ற அகலமான பொருள்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கெடுத் தேதியை உண்மையான தேவைக்குப் பத்து நாள் முன்னால் வையுங்கள். காரணம் கேட்க மாட்டீர்கள்.

எழுதுவது

90 பிபிஎம்-இல் ஒரு பாருக்குப் பதினாறு சின்ன இடங்கள் உண்டு. எல்லாவற்றையும் அசைகளால் நிரப்பினால் மூச்சு வாங்க வழியில்லை. பாருக்கு 10 முதல் 13 அசை வசதியான அளவு, இரண்டு பாருக்கு ஒருமுறை அரை அடி காலி விடுங்கள்.

தமிழில் வினைமுற்று வரியின் கடைசியில் வந்து உட்காருவதால் "வருகிறேன், தருகிறேன், எழுகிறேன்" என்று இயைபு சும்மாவே கிடைத்துவிடும். அதை நம்பி எழுதினால் நாலாவது வரியிலேயே பாடப் புத்தகம் போலாகிவிடும். வினையை வரியின் நடுவில் தள்ளிவிட்டுப் பெயர்ச்சொல்லில் முடியுங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையை ஸ்னேர் விழும் இடங்களில், அதாவது 2-ஆம், 4-ஆம் அடிகளில் வைத்தால் காதில் அடிக்கும். மோனையை வரியின் தொடக்கத்தில் அளவோடு வையுங்கள், அதிகமானால் மேடைப் பேச்சு வாசனை வரும்.

குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும் என்பதை ஃப்ளோ அமைக்கும்போது கவனியுங்கள். 'கலை' நீண்ட இடத்தில் விழுந்தால் 'காலை' என்று கேட்கும், 'படம்' 'பாடம்' ஆகும். நீளும் இடத்துக்கு நெடில் உள்ள சொல்லைத் தேடுங்கள்.

தன் பெயரையே இரண்டு பார் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் பழக்கம் 12 பாருக்குச் செலவு அதிகம். ஆட்லிப்பில் ஒருமுறை பெயர் வந்தால் போதும். முந்தைய வெர்ஸின் கடைசிச் சொல்லையோ படிமத்தையோ எடுத்து ஆரம்பித்தால் நால்வரும் ஒரே அறையில் இருந்தது போன்ற உணர்வு வரும். இதற்காகத்தான் முந்தைய வெர்ஸ்களையும் அனுப்பச் சொன்னது.

பதிவு

விலை உயர்ந்த மைக்கை விட அறைதான் முக்கியம். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும், முன்பக்கத்தைப் பிடிக்கும். ஆகவே கனமான போர்வையோ மெத்தையோ பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்க வேண்டும். பெரும்பாலானோர் மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டிவிட்டு, தன் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் குரல்தான் பதிவில் எதிரொலியாக விழுகிறது.

வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி, நடுவில் பாப் ஃபில்டர். 'ப' என்று தொடங்கும் சொற்கள் வெடித்தால் மைக்கை நேராக வைக்காமல் வாயின் ஓரமாகச் சற்றுத் திருப்புங்கள். மிக அருகில் போனால் கீழ்ச்சுருதி வீங்கும். நால்வரில் ஒருவர் மட்டும் அப்படிப் பதிவு செய்தால் அந்த வெர்ஸ் வேறு பாட்டிலிருந்து வந்தது போல் ஒட்டாமல் நிற்கும். அளவு மிகச் சத்தமான இடத்தில் -10 முதல் -6 டெசிபெல் வரை. சிவப்பு விளக்கு எரிந்த டேக்கைப் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அதில் சத்தம் நூறு மில்லிசெகண்டுக்கும் மேல் தாமதமாக வரும், பாடுபவர் பீட்டுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். வயர் உள்ள, காதை மூடும் ஹெட்போன்தான். மூடாத ஹெட்போனிலிருந்து கசியும் ஹை-ஹேட் லீட் டிராக்கில் ஏறிவிட்டால் பீட்டை நிறுத்தும் இடங்களில் அது காட்டிக்கொடுக்கும்.

டபுள்ஸ் என்பது அதே வெர்ஸை மறுபடி பாடுவது, காப்பி-பேஸ்ட் அல்ல. காப்பி செய்தால் ஒலியளவு கூடும், அவ்வளவுதான். வெர்ஸ் முழுக்க டபுள் வேண்டாம், வரி முடியும் சொற்களுக்கும் பஞ்ச் லைனுக்கும் மட்டும் போதும்.

ஃபைல் வந்ததும் என்ன பார்ப்பது

வந்த அன்றே திறந்து பாருங்கள். ராப்பர் இன்னும் அந்த மனநிலையில் இருக்கும்போதுதான் மறுபதிவு கேட்க முடியும்.

குரல் சுருதி ஏறி, வேகமாக ஓடுகிறதா? 32 நொடி வெர்ஸ் 29.4 நொடியில் முடிகிறதா? அவர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்ததை உங்கள் மென்பொருள் 48 என்று எடுத்துக்கொண்டு ஓட்டுகிறது. சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறியிருக்கும். வேகத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், ஃபைலை முறையாக 48-க்கு மாற்றி மறுபடி உள்ளே எடுங்கள்.

வெர்ஸ் முழுவதும் ஒரே அளவாகச் சற்றுப் பின்தங்கி இருந்தால் அது மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸின் தாமதம், அல்லது எம்பி3-இன் தொடக்கத்தில் தானாகச் சேரும் சிறு வெற்றிடம். மொத்த வெர்ஸையும் 10, 20, 30 மில்லிசெகண்டு என்று முன்னால் தள்ளிப் பார்த்தால் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு சொல்லாக இழுத்துத் தாளத்தில் ஒட்டாதீர்கள். பீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாடுவது அந்த ராப்பரின் பாணியாகவே இருக்கலாம்.

ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அவர் வேறு டெம்போவில் உள்ள பீட்டுக்குப் பாடியிருக்கிறார். மறுபதிவுதான் வழி.

மிக்ஸ்

நான்கு அறை, நான்கு மைக், நான்கு குரல். இவற்றை ஒரே இடத்தில் நிற்க வைப்பதுதான் இங்கே வேலை. முதலில் எஃபெக்ட் எதுவும் போடாமல், நான்கு லீட்களின் ஒலியளவையும் கிளிப் கெயினால் (ஒவ்வொரு துண்டின் சத்தத்தையும் நேரடியாக ஏற்றி இறக்கும் அமைப்பு) சமப்படுத்துங்கள். பிறகு தனித்தனியாக: 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 200 முதல் 400 வரை குரல் தடித்துக் கேட்டால் அங்கே இரண்டு மூன்று டெசிபெல் குறைப்பு, 'ச', 'ஸ' கீச்சிட்டால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் டி-எஸ்ஸர், 3:1 அல்லது 4:1 கம்ப்ரஷனில் (சத்தமான இடங்களை அடக்குவது) 3 முதல் 6 டெசிபெல். ஒருவருக்குப் போட்ட அமைப்பை மற்றவருக்குக் காப்பி செய்யாதீர்கள், ஒருவரின் குறையை மற்றவர் குரலில் தேடுவதாக ஆகிவிடும்.

அதன்பின் நான்கையும் ஒரே பஸ்ஸுக்கு (பொதுத் தடத்துக்கு) அனுப்பி, 2:1-இல் லேசாக ஒன்றிரண்டு டெசிபெல் கம்ப்ரஸ் செய்யுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே குட்டி ரூம் ரிவெர்ப் (சிறிய அறையின் அதிர்வு), ஒரே டிலே (எதிரொலி). நான்கு தனித்தனி அறைகளின் வேறுபாட்டை இந்தப் பொது அறைதான் மூடும். சோதனை எளிது: பீட்டை மியூட் செய்துவிட்டு நான்கு வெர்ஸையும் தொடர்ந்து கேளுங்கள். யார் மாறும்போது 'அறை' மாறுவது போல் தெரிகிறதோ, வேலை பாக்கி இருப்பது அங்கேதான்.

குரலை ஏற்றுவதற்கு முன் பீட்டில் இடம் செய்யுங்கள். மெலடி ஸ்டெம்மில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை, குரல் வரும்போது மட்டும் இரண்டு டெசிபெல் இறங்கும்படி வைத்தால் சத்தம் கூட்டாமலே சொற்கள் வெளியே வரும்.

ஸ்டெம்கள் கைகொடுக்கும் இடம் இது: ஒவ்வொரு ராப்பரும் நுழையும் முதல் இரண்டு பாரில் எதையாவது மாற்றுங்கள். ஒருவருக்குக் கிக் நிற்கட்டும், ஒருவருக்கு மெலடி போய் டிரம்ஸ் மட்டும் இருக்கட்டும், ஒருவருக்கு பேஸ் மட்டும். கடைசி ஆள் வரும்போது ஓர் அடி முழு அமைதி. பஞ்ச் லைன் விழும் இடத்தில் பீட்டை வெட்டுவதை ஒரு வெர்ஸுக்கு ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள்.

மிக்ஸை அனுப்பினால் நால்வரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "என் வாய்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு." நால்வருக்கும் ஏற்றினால் யாருக்கும் ஏற்றவில்லை. ஆகவே நேரக் குறிப்போடு எழுதிய கருத்துகளை ஒரே ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள், "1:12-இல் இந்தச் சொல் கேட்கவில்லை" என்பது போல. சொல் கேட்கவில்லை என்றால் திருத்துங்கள், குரல் பெரிதாக வேண்டும் என்றால் நன்றி சொல்லுங்கள்.

மாஸ்டருக்கு (வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்புக்கு) அனுப்பும் ஃபைலில் லிமிட்டர் (உச்சத்தை அடக்கும் கருவி) வேண்டாம், உச்சம் -6 முதல் -3 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை இயல்பான அமைப்பில் பாட்டுகளை -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க வைக்கிறது. அதற்காக -14-இலேயே மாஸ்டர் செய்ய வேண்டியதில்லை, ஹிப்-ஹாப் வழக்கமாக அதைவிடச் சத்தமாகவே வருகிறது. ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) -1-ஐத் தாண்டாமல் பாருங்கள்.

அதே நாளில் மற்ற வடிவங்களையும் எடுத்துவிடுங்கள்: கெட்ட வார்த்தை நீக்கியது, இன்ஸ்ட்ருமென்டல், குரல் மட்டும், மேடைக்கான டிராக். கடைசியாகச் சொன்னதில் ஹூக்கும் ஆட்லிப்பும் இருக்கும், லீட் வெர்ஸ் இருக்காது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ப்ராஜெக்ட் ஃபைல் திறக்காது.

வெளியீடு

வெளியாகும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே விநியோகத் தளத்தில் ஏற்ற எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் பிளேலிஸ்ட்டுக்கு, வெளியாகும் நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும். வெளியான பாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நால்வரில் யார் முதன்மைக் கலைஞர், யார் ஃபீச்சர் (விருந்தாளி) என்பதை அழைக்கும்போதே பேசி முடியுங்கள். முதன்மை என்று போட்டால் பாட்டு அவருடைய பக்கத்தில் அவருடைய சொந்த வெளியீடுகளோடு நிற்கும், ஃபீச்சர் என்றால் அவர் பங்கேற்ற பாட்டுகளின் பட்டியலில்தான் வரும். பெயரை மட்டும் தட்டச்சு செய்யாமல், ஒவ்வொருவரிடமும் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் பக்கங்களின் இணைப்பை வாங்கிப் போடுங்கள். ஒரே பெயரில் வேறு நாட்டில் ஒரு பாடகர் இருப்பார், பாட்டு அவர் பக்கத்துக்குப் போய்விடும். எழுதியவர்களின் இடத்தில் மேடைப் பெயர் அல்ல, முழுச் சொந்தப் பெயர்.

அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல், சதுரம். அதில் இணைய முகவரி, விலை, ஸ்ட்ரீமிங் தளங்களின் லோகோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பொதுவான ஒரு விளம்பர வீடியோவை நால்வருக்கும் அனுப்பினால் யாரும் ஆர்வமாகப் பகிர மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய வெர்ஸின் பலமான நான்கைந்து பாரை வெட்டி, வரிகளோடு, 9:16 அளவில் 15 நொடி கிளிப்பாகச் செய்துகொடுங்கள். தன் முகமும் தன் பஞ்ச் லைனும் உள்ளதை எந்த ராப்பரும் பகிராமல் விட்டதில்லை.

வெளியான முதல் நாள் மூன்று இடங்களைப் பாருங்கள்: பாட்டு நால்வரின் பக்கத்திலும் சரியாக நிற்கிறதா, யூடியூபில் யாராவது உரிமை கோரியிருக்கிறார்களா, வரிகள் குரலோடு ஒத்து ஓடுகிறதா. அடுத்த வாரத்துக்குள் எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் உரிமைச் சங்கத்தில் பங்குத் தாளில் உள்ள அதே சதவீதத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் தன் பங்கைக் கூட்டிப் போட்டு மொத்தம் 100-ஐத் தாண்டினால், தகராறு தீரும்வரை மற்றவர்களின் பணமும் நின்றுபோகலாம்.

ஐஎஸ்ஆர்சி என்பது 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனி. கெட்ட வார்த்தை நீக்கிய வடிவத்துக்கும் இன்ஸ்ட்ருமென்டலுக்கும் தனித்தனியாக வேண்டும். பின்னர் ஒரு வெர்ஸை மாற்றி, வேறொரு ராப்பரைச் சேர்த்து ரீமிக்ஸ் விட்டால் அதற்கும் புது ஐஎஸ்ஆர்சி, புதுப் பங்குத் தாள். புதிய ஆளுக்கு வரிகளின் பங்கிலிருந்து கொடுப்பதா, எல்லோரிடமிருந்தும் எடுப்பதா என்பதைப் பழைய நால்வரிடமும் கேட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அவருக்கு ஃபோல்டர் அனுப்ப வேண்டும்.